முதல் காலடி

கியெட் தன் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து இன்னொரு தடவை பார்த்துக்கொண்டான். புத்தாண்டின் முதல் நாள் பக்கத்தில் இந்த வருடம் ஒரே ஒரு வரிதான் இருந்தது. 'ஒன்று: வீடு.'

மணி காலை ஆறரை. சைகோனில் பாதிப் பேர் ஷட்டரை இறக்கிவிட்டுச் சொந்த ஊருக்குப் போயிருந்தார்கள். தெருமுனையில், வீட்டில் ஆறாவதாகப் பிறந்ததால் ஊருக்கே 'ஆறாம் அக்கா'வாகிவிட்டவளின் காப்பி வண்டி மட்டும் இருந்தது. அவள் புத்தாண்டுக்கும் ஓய மாட்டாள், அவள் வாயும் ஓயாது.

"என்ன தம்பி, இந்நேரம் ரெண்டு வீடு முடிச்சிருப்பியே. இன்னிக்கு மொத்தம் எத்தனை?"

"ஒண்ணுதான் அக்கா. என் வீடு."

அக்கா வடிகட்டியைப் பிடித்த கையோடு அப்படியே நின்றுவிட்டாள். நிற்காமல் என்ன செய்வாள்? புத்தாண்டன்று ஒரு வீட்டின் படியை யார் முதலில் மிதிக்கிறாரோ, வருடம் முழுக்க அந்த வீட்டுக்கு அவருடைய யோகம்தான் என்பது இந்த ஊரில் யாராலும் அசைக்க முடியாத நம்பிக்கை. தரை ஓடு விற்று ஒரு கடையை மூன்றாக்கிய கியெட்டின் காலுக்கு ஏகக் கிராக்கி.

பதினோரு வருடமாக இதே கூத்துதான். முந்தின நாள் மாலையே வீட்டை விட்டுக் கிளம்பிவிடுவான்; நேற்றும் அப்படித்தான் கிளம்பியிருந்தான். பட்டியலில் முதல் பெயர் கட்டட ஒப்பந்தக்காரர் லோக். அவருக்குப் பின்னால் ஏழு பெரிய வாடிக்கையாளர்கள். ஒன்பதாவது வரியில்தான் 'வீடு' வரும். "வரிசை சரியா இருந்தா வாழ்க்கை தானா சரியாயிடும்" என்று வியாபாரிகள் சங்கத்தில் மைக் பிடித்து வேறு பேசுவான்.

முதல் வருடம், ஏழு வயது மகள் வி புது உடுப்போடு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மத்தியானம் வரை நின்றாள். அப்பாதான் முதலில் வரவேண்டும் என்று அழுது, சாப்பிடாமலே தூங்கிப்போனாள். அடுத்த வருடத்திலிருந்து மனைவி நியூங், பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் லாமை முதல் காலடி வைக்கக் கூப்பிட ஆரம்பித்தாள்.

"அப்போ அந்த எட்டுப் பேரையும் வேணாம்னுட்டியா?" அக்கா விடுவதாக இல்லை.

கியெட் டம்ளரில் இருந்த ஐஸைக் கரண்டியால் சுற்றினான். "வீட்டை விட அவங்க முக்கியமாக்கா?"

"அடேயப்பா, இது இப்பத்தான் மண்டைல ஏறிச்சா? நியூங் எத்தனை வருஷம் கரடியா கத்தியிருக்கும். சரி, காரு எங்கே?"

"ஒர்க்‌ஷாப்ல கிடக்கு."

அப்போது செல்போன் முனகியது. கியெட் பாய்ந்து எடுத்துப் பார்த்தான். டெலிபோன் கம்பெனியின் புத்தாண்டு வாழ்த்து. போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, கடைசி வாய்க் காப்பியைக் குடிக்காமலே எழுந்தான்.

வாடகை பைக்கின் பின்னால், புத்தாண்டு யோகத்துக்கென்று வாங்கிய தர்பூசணியை மடியில் வைத்துக்கொண்டு போனான். வெளியே என்ன ஆனால் என்ன, தன் காலுக்காகக் காத்திருக்கும் கதவு இந்த உலகத்தில் ஒன்று இருக்கிறது என்று நினைத்ததும் அவனுக்கு அழுகை வந்தது. வி இந்த ஜூனில் மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வு எழுதுகிறாள். அவளுக்காகவாவது இந்த ஒரு வருடம் முதல் ஆளாகப் போய் நிற்க வேண்டும்.

வாசலில் மஞ்சள் பூச்செடி பூத்துக் குலுங்கியது. சத்தம் கேட்டுக் கதவு பாதி திறந்தது.

"அம்மா, அப்பா வந்துட்டாரு," என்றாள் வி. பதினெட்டு வயதிலும் அந்தக் குரலில் அதே ஏழு வயதுதான் இருந்தது.

நியூங் ஈரக்கையைத் துடைத்தபடி வந்தாள். "லோக் ஐயா வீட்டுக்குப் போகலையா?"

"யார் வீட்டுக்கும் போகல. இனிமே எனக்கு நீங்கதான் முதல்." வலது காலைத் தூக்கினான்.

"அப்பா, அங்கயே நில்லுங்க."

படம் எடுக்கப் போகிறாள் போலிருக்கிறது. கியெட் காலரைச் சரிசெய்துகொண்டு, தர்பூசணியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துச் சிரித்தான். வியின் கையில் போன் இல்லை. அந்தக் கை கதவைப் பிடித்துக்கொண்டிருந்தது.

நியூங் தலை குனிந்துகொண்டாள். "போன வாரம் லோக் ஐயா சம்சாரம் போன் பண்ணாங்க. மூணு கடையும் போயிடுச்சாமே. இந்த வருஷம் உங்களை எங்க வீட்டுப் பக்கம் அனுப்பாதீங்கன்னாங்க. மத்த ஏழு வீட்லயும் அதே பேச்சுதானாம். நீங்களா வாயைத் திறந்து சொல்வீங்கன்னு பார்த்தேன்."

கியெட்டின் கால் படிக்கு மேலேயே நின்றது. இறக்கவும் தோன்றவில்லை, எடுக்கவும் தோன்றவில்லை.

"இது நம்ம வீடுதானே நியூங்," என்றான்.

அவள் மகளைப் பார்த்தாள். வியின் கண்களில் தண்ணீர் நிறைந்திருந்தது. ஆனாலும் கதவில் இருந்த கையை எடுக்கவில்லை.

"எனக்குப் பரீட்சை இருக்குப்பா. லாம் மாமா முதல்ல வந்துடட்டும், நீங்க அப்புறமா வாங்க."