இருநூற்றுப் பன்னிரண்டு கைகள்

"நாலு விரல் அகலத் தோல் பட்டை. அப்பாவோட செயற்கைக் காலைத் தொடையோட பிடிச்சு நிறுத்துறது. அறுந்துபோச்சு. நானே தைக்கணும். எந்தத் தோல், எந்த நூல், எந்த ஊசி வாங்கணும்? திங்கட்கிழமைக்குள்ள வேணும்."

மகள் வியாழக்கிழமை இப்படி எழுதிப் போட்டாள். தோல் வேலையைப் பொழுதுபோக்காகச் செய்கிறவர்கள் போனில் நடத்தும் குழு அது. கேட்டது ஒரு கேள்வி. வந்தது நாற்பத்தேழு பதில்.

திங்கட்கிழமை காலை அப்பா தொழிற்சாலை வாசலில் காவலுக்கு நிற்க வேண்டும். அவர் நிற்காவிட்டால் அங்கே வேறொருவர் நிற்பார். மேலாளர் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

கால் செய்து கொடுத்த மருத்துவமனையில் ஆறு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். தெருமுனையில் செருப்புத் தைப்பவர் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கையிலேயே கொடுத்துவிட்டார். "செருப்புன்னா தைச்சிடுவேன் பாப்பா. காலுக்கெல்லாம் நான் பொறுப்பேத்துக்க மாட்டேன்."

குழுவில் அந்தப் பயமெல்லாம் யாருக்கும் இல்லை.

"இத்தாலியத் தோல்தான் வாங்கணும். மத்ததெல்லாம் தோலே இல்லை" என்றார் ஒரு பல் டாக்டர். கூடவே, தான் தைத்த பர்ஸின் படம். அதே பர்ஸ், ஏழாவது முறையாக.

"முதல்ல பதினெட்டுக் கருவி இருக்கிற பெட்டி வாங்குங்க. கப்பல்ல வரும். இருபதே நாள்" என்றார் ஒரு வக்கீல்.

இன்னொருவர் நாய்க்குத் தைத்த கழுத்துப் பட்டையைக் காட்டினார். "என் செல்லம் பதினாலு கிலோ. இதுவரைக்கும் அறுந்ததே இல்லை!"

அப்பா எழுபத்திரண்டு கிலோ.

அதற்குப் பிறகு மெழுகு பூசிய நூலா, பூசாத நூலா என்று இரண்டு கோஷ்டி மோதிக்கொண்டது. இருபத்தோரு பதில் அதிலேயே போயிற்று. குழுத்தலைவி மட்டும், "அப்பாவுக்காக ஊசி எடுக்கும் மகள்! கண் கலங்குது!" என்று எழுதி, சிவப்பு இதயமாகக் கொட்டினார்.

மகள் தன் பழைய கைப்பையை வெட்டினாள். குத்தூசி வாங்கினாள். முதல் குத்து தோலில் இறங்கியது. இரண்டாவது அவள் கட்டைவிரலில் இறங்கியது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் 'ஆணி' என்ற பெயரில் ஒரு பதில் வந்தது.

"யாரும் இந்தப் பொண்ணுக்கு யோசனை சொல்லித் தொலைக்காதீங்க. உங்கள்ல ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியாது. ஏய் பொண்ணே, ஊசியைத் தொடாதே. நீ தைக்கிற லட்சணத்துக்குப் படியில இறங்கும்போது பிரிஞ்சிடும். உங்கப்பன் மண்டை உடையும்."

குழு கொதித்தது. உங்கப்பனாம்! பல் டாக்டர் பண்பாட்டைப் பற்றி நீளமாக எழுதினார். நாய்க்காரர் அழுகிற முகம் போட்டார். குழுத்தலைவி, "இங்கே அன்புதான் முக்கியம். ஆணியை நீக்கிடலாமா? கை தூக்குங்க" என்று வாக்கெடுப்பு வைத்தார்.

மகள் கட்டைவிரலில் துணியைச் சுற்றிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு கைகள். ஆணியைப் பிடுங்கி எறிந்தாயிற்று. மெழுகு கோஷ்டிகள் இரண்டும் அன்றுதான் ஒற்றுமையாக இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவு தட்டும் சத்தம். திறந்தால், கையில் தகரப் பெட்டியோடு கட்டுமஸ்தான ஒரு அம்மா. நாற்பத்தைந்து வயது இருக்கும். உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு.

"பட்டை எங்கே?"

"நீங்க யாரு?"

"ஆணி."

மகள் துணி சுற்றிய கட்டைவிரலைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். உள்ளேயிருந்து அப்பா குரல் கொடுத்தார். "நான்தான்மா வரச் சொன்னேன். நேத்து நீ குளிக்கப் போனப்ப உன் போனுக்கு இவங்ககிட்டேருந்து தனியா சேதி வந்துச்சு. அளவு என்ன, விலாசம் என்னன்னு. திட்டுறது வேலை தெரிஞ்சவங்க திட்டுற மாதிரி இருந்துச்சு. கொடுத்துட்டேன்."

அந்த அம்மா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தடித்த தோல் இரண்டு அடுக்கு, நடுவில் நைலான் நாடா. நூலின் இரண்டு முனையிலும் ஊசி. ஒரே ஓட்டையில் இந்தப் பக்கமிருந்து ஒன்று, அந்தப் பக்கமிருந்து ஒன்று.

"ஒரு நூல் அறுந்தாலும் இன்னொண்ணு தாங்கும். உயரமான கட்டடத்துல தொங்கிக்கிட்டு கண்ணாடி துடைக்கிறாங்கல்ல, அவங்களுக்கு இடுப்புப் பட்டை தைக்கிறவ நான். தையல் விட்டா ஆள் காலி. அதனால இனிமையா பேசிப் பழகலை."

மத்தியானம் அப்பா மாடிப்படியில் ஏறினார். இறங்கினார். மறுபடி ஏறினார். பட்டை இம்மிகூட அசையவில்லை. "இன்னும் கொஞ்சம் இறுக்கலாம்" என்று ஆணி அதைக் கழற்றி வாங்கிக்கொண்டார்.

அப்பாவுக்கு வாயெல்லாம் பல். "இப்படிப்பட்டவங்க இருக்கிற குழுவை விட்டுடாதேம்மா."

"இவங்க இப்போ அதுல இல்லப்பா. கை தூக்கச் சொல்லி, நீக்கிட்டாங்க."

"எந்தக் கை விளங்காதவன் தூக்கினான்?"

மகள் கட்டைவிரல் துணியைப் பிரித்தாள். மறுபடி சுற்றினாள்.

"நானும் தூக்கினேன்ப்பா."

ஆணி நிமிரவில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"தெரியும். பட்டியல்ல முதல் கையே உன்னோடதுதான். ம், அந்தப் பக்கிளை எடு."