குறையாத கிலோமீட்டர்

முன்னிருக்கையின் முதுகிலிருந்த திரை, கொழும்புக்கு இன்னும் எட்டாயிரத்து எழுநூற்றுப் பத்துக் கிலோமீட்டர் என்றது. அதைக் குறையவிடுவதில்லை என்று புனிதமலர் பெல்ட்டைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றாள். கடைசி வரிசையில் இரண்டு காவலர்களுக்கு நடுவே, நாடுகடத்தப்படும் ஒருவன் கைவிலங்கோடு அழுதுகொண்டிருந்தான். அவனை அவளுக்கு முன்பின் தெரியாது. எல்லோரும் உட்கார்ந்தால்தான் விமானம் கிளம்பும் என்று பணிப்பெண் இரண்டு முறை சொல்லிவிட்டாள்.

“இருமப்பா, எல்லாரும் பாக்கினம்,” என்று பக்கத்து இருக்கையிலிருந்த கணவர் அவளை உட்காரவைக்கச் சேலையைப் பிடித்து இழுத்தார்.

“அந்தப் பிள்ளையை இந்த நாட்டில இருக்க விடட்டும். பிறகு நானும் இருக்கிறன்.”

திரையில் ஒரு கிலோமீட்டர்கூடக் குறையவில்லை. கணவர் கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தன் பெல்ட்டைக் கழற்றினார்.

“கொஞ்சம் தள்ளி நில்லும்,” என்றார்.