ஒரு பிடி யூரியா

சோலைக்காட்டின் ஓரத்தில், கயிறு கட்டிய சதுரத்துக்குள் ஆராய்ச்சிக்காக ஆண்டுதோறும் செடிகளை எண்ணித் தருவது கேரட் விவசாயி போஜனின் வேலை. சென்ற ஆண்டு பதினேழு வகைகள் இருந்தன. இப்போது கரும்பச்சையாக, முழங்கால் உயரத்துக்கு ஒரே புல்.

"வண்டிப் புகை, தோட்டத்து உரம் எல்லாம் காத்துல வந்து இங்க விழுதுண்ணா. மண்ணு கொழுத்தா புல்லு மத்ததை அமுக்கிடும்," என்றாள் ஆராய்ச்சி மாணவி தமயந்தி.

போஜன் தலையாட்டினார். சென்ற ஆண்டு எண்ணியபோது நோஞ்சானாக நின்ற ஒரு நீலப் பூச்செடியைப் பார்க்கப் பொறுக்காமல், தன் கேரட்டுக்கு வாங்கிய யூரியாவில் ஒரு பிடியை ஸ்வெட்டர் பையில் கொண்டுவந்து தூவியதை அவர் சொல்லவில்லை.

கணக்குத் தாளில் 'காரணம்' என்ற கட்டத்தில் அவள் 'காற்று' என்று எழுதினாள்.

போஜன் நிமிர்ந்து பார்த்தார். சோலையில் ஓர் இலைகூட அசையவில்லை.