முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்

சருகு மூடிய காட்டுத் தரையில் ஒரு பெருந்தவளை தனியே வாழ்ந்தது. எது அசைந்தாலும் அதன் நாக்கு முந்திக்கொள்ளும்; ஆகவே அண்டை அயல் என்று எவரும் இல்லை. ஒரு மழைநாளில் எறும்பு தின்னும் சிறுதவளை ஒன்று வந்து பக்கத்து இலைக்கடியில் ஒளிந்தது.

"வெளியே வாயேன், தம்பி. எனக்கு வண்டு, உனக்கு எறும்பு. நமக்குள் என்ன போட்டி?"

"போட்டியில்லை, அண்ணே. நானே தீனியாகிவிடுவேனே! என் மச்சானும் இப்படித்தான் உங்களோடு பேச வந்தான்."

"அது நாக்கு செய்த பிழை. இதோ, கண்ணை மூடிக்கொள்கிறேன்."

"விழுங்கும்போதும் மூடிக்கொண்டுதானே விழுங்குகிறீர்கள்?"

பெருந்தவளை மெல்லத் திரும்பி, முதுகைக் காட்டி உட்கார்ந்தது.

"இனித் திரும்பமாட்டேன். நீ பேசு, போதும்."

மழைக்காலம் முழுவதும் சிறுதவளை பேசியது. பெருந்தவளை தன் முன்னால் வந்த வண்டுகளைத் தின்றபடி கேட்டுக்கொண்டிருந்தது. மழை ஓய்ந்த ஒரு பகலில், அது உறங்கும்போது எறும்புச் சாரை ஓடைக்கு அப்பால் இடம் மாறியது. சிறுதவளையும் அதன் பின்னே போய்விட்டது.

"தம்பி, இருக்கிறாயா?" என்று விழித்ததும் கேட்டது பெருந்தவளை.

பதில் இல்லை. மீண்டும் கேட்டது. ஒருமுறை திரும்பினால் தெரிந்துவிடும். ஆனால் தம்பி அங்கேயே இருந்து, நாக்கு முந்திக்கொண்டால்?

அது திரும்பவில்லை.