சிரிக்காத இருக்கை

இப்போதெல்லாம் நகைச்சுவைப் படங்களில், அரங்கின் கடைசி ஆளும் சிரிக்கும்வரை அடுத்த காட்சி வராது. சிரிக்காதவருக்காகத் திரை அதே காட்சியை மாற்றி மாற்றிக் காட்டும்.

‘கோடையிடி ஆர்கெஸ்ட்ரா’ என்ற, நிஜத்தில் இல்லாத ஒரு கச்சேரிக் குழுவைப் பற்றிய அந்தப் போலி ஆவணப்படத்தை ஊரே கொண்டாடியது. அதில் டிரம்ஸ் வாசித்த பெனடிக்ட் படப்பிடிப்பில் நிஜமாகவே மேடையிலிருந்து விழுந்தார். இயக்குநர் செங்குட்டுவன் அதை வெட்டவில்லை. ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பெனடிக்டின் இடுப்பு சாகும்வரை சரியாகவில்லை.

அவர் செத்த பிறகு இரண்டாம் பாகம் வந்தது. அதில் பாட்டும் இல்லை, கிண்டலும் இல்லை. கணினி வரைந்த பெனடிக்ட் விழுவது மட்டும்தான் இருந்தது.

அவர் முதல் தடவை விழுந்ததுமே அரங்கில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள், பெனடிக்டின் மனைவி சகாயமேரியைத் தவிர. பெனடிக்ட் மறுபடி விழுந்தார். பிறகு படிகளில் உருண்டார். பிறகு வேட்டி அவிழ விழுந்தார்.

“எவன்டா அது, சிரிச்சுத் தொலையேன்டா,” என்றது பின்வரிசை.

பக்கத்தில் இருந்த செங்குட்டுவன் குனிந்தார். “அண்ணி, சும்மா ஒரு தடவ சிரிச்சிடுங்க.”

“நீ செத்தா உன்னையும் இப்படித்தான் தள்ளி விடுவாங்களாடா?”

திரையில் பெனடிக்ட் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வீட்டில் நடப்பது போலவே நடந்து, மறுபடி மேடை ஏறினார். இதோடு அவரை விட்டுவிடட்டும் என்று சகாயமேரி பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்து வைத்தார்.

அடுத்த காட்சி வந்தது. சகாயமேரிக்கு எது சிரிப்பு மூட்டும் என்று திரைக்கு இப்போது தெரிந்திருந்தது. பெனடிக்ட் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மேடை ஏறினார்.