பூசாத ஒரு முழம்

"ஐயோ, அதையும் பூசிட்டீங்களா! சுரண்டுங்க, சுரண்டுங்க!" புது வீட்டுக்காரி சிப்போரா ஓடி வந்தாள். வாசலுக்கு எதிர்ச்சுவரில் ஒரு முழச் சதுரம் வெறும் செங்கல்லாகவே இருக்க வேண்டுமாம்.

தன் வீடு இரண்டு முறை இடிபட்டு, இனிமேல் கட்டவே மாட்டேன், மனையை விற்றுவிடு என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வாடகை வீட்டில் கிடக்கும் கொத்தனார் வேலாண்டி, கரண்டியோடு விழித்தார்.

"எங்க யூத வழக்கம், மேஸ்திரி. ரெண்டாயிரம் வருஷம் முன்னாடி எருசலேம்ல எங்க கோயில இடிச்சாங்க. அத மறக்கக்கூடாதுன்னுதான் புது வீட்டுல இந்த எடத்த பூசாம விடுறோம்."

"இடிச்சதையே நெனச்சா, கட்டக் கை வருமாம்மா?"

"மிச்ச செவரெல்லாம் பூசியாச்சே, பாருங்க!" என்று சிரித்தாள்.

ஈரச் சாந்தைச் சுரண்டச் சுரண்ட வேலாண்டிக்குக் கை பரபரத்தது. பாதியில் நிறுத்தி மனைவிக்குப் போன் போட்டார்.

"ஏ பூவாயி, நம்ம மனைய வித்துடாத! நாளைக்கே வீட்டுக்கு அஸ்திவார வானம் தோண்டுறேன்!"