கூட்டத்தன்று மட்டும்

சூளையின் புகைபோக்கி, தனக்குத் துணையாக இன்னொரு புகைபோக்கி வேண்டுமென்று கேட்டது. அக்கம்பக்கத்தாரின் கருத்தைக் கேட்க ஊர்த்தலைவர் எருமையார் கூட்டம் போட்டார். அன்று விடிந்ததிலிருந்தே புகைபோக்கி துளிப் புகை விடாமல் நல்ல பிள்ளையாக நின்றது.

தையல்சிட்டு எழுந்து, "புகையில என் குஞ்சுங்க தூங்காம இருமுதுங்க ஐயா. எனக்கும் தொண்டை கட்டிப்போச்சு" என்றது. ஆனால் குரலோ கணீரென்று வந்தது. சிட்டுக்கே தூக்கிவாரிப்போட்டது.

"இவ்வளவு நல்ல குரலை வச்சுக்கிட்டா புகையைக் குறை சொல்றே?" என்று எருமையார் சிரித்தார். புகைபோக்கியும் சேர்ந்து சிரித்தது.

சிட்டு தன் கூட்டைத் திரும்பிப் பார்த்தது. குஞ்சுகள் இருமலே இல்லாமல் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தன.

"அப்படின்னா ஒண்ணு மட்டும் கேட்டுக்கிறேன் ஐயா," என்றது சிட்டு. "இந்தக் கூட்டத்தைத் தினமும் நடத்துங்க."